வேர் இல்லாத முந்நூறு தாள்கள்

கடலை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வயது இருபத்தாறு. அதற்கு முந்தைய எட்டு மாதங்களும் கடலுக்குள் வளரும் செடிகளைப் பற்றிக் கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு பேசித் தீர்த்திருந்தேன். கேட்க ஆள் கிடைத்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர், மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர், சவரம் செய்கிறவர், யாரையும் விட்டதில்லை.

"கடற்புல்லுன்னு சொல்றாங்களே, அது புல்லே இல்லீங்க" என்று ஆரம்பிப்பேன். சோளம், கம்பு, கரும்பு, மூங்கில் எல்லாம் புல்லின் சொந்தபந்தம், இது அந்தக் குடும்பத்தில் சேராது, பாசியும் கிடையாது, தண்ணீருக்கு அடியிலேயே பூத்து அங்கேயே காய்க்கிற செடி என்று சொல்லிக்கொண்டே போவேன். சவரம் செய்கிறவர் ஒருநாள் கத்தியை என் தாடைக்குக் கீழே நிறுத்திவிட்டு, "அப்பப் பேரை மாத்திப்போடச் சொல்லுங்க. தலையை ஆட்டாதீங்க" என்றார்.

கடற்புல் புல் அல்ல என்று ஊரெல்லாம் பறைசாற்றிய ஆள் நான். அதைப் புல்லாகவே நடத்தி வகையாக மாட்டிக்கொண்டதும் நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் கல்லூரியின் தாவரவியல் பிரிவில் நான் ஓர் உதவியாளன். செடிகளைக் காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தி, உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, ஊரும் தேதியும் எழுதி அலமாரியில் அடுக்க வேண்டும். வேலை தற்காலிகம். இந்த ஒரு சொல்லை என் மாமனார் வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தேன். பெண் பார்க்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமுங்களா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து என் வாய் நிறைய ஒப்பிட்டு, அதாவது எங்கள் பக்கத்துப் போளி. தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்று ஆட்டியதா, பலகாரம் நன்றாக இருக்கிறது என்று ஆட்டியதா என்று எனக்கே இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணம் நடந்தது. பீளமேட்டில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, நிரந்தர உத்தியோகஸ்தனாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாதவர், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

"நீ காங்கேயத்துப் பக்கம்தானே?"

"வெள்ளகோவில் பக்கமுங்க சார்."

"புல்லோடு பிறந்து வளர்ந்தவன். நல்லது."

சென்னையில் ஒரு நிபுணர் நம் கரையோரக் கடற்புற்களை இனம் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை எந்த இனம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், மணலிலா சேற்றிலா வளர்கிறது என்ற விவரத்தோடு அவருக்கு ஒரு சேகரம் வேண்டுமாம். ஏப்ரலில் அவரே நேரில் வந்து பார்ப்பார். "நல்லபடியாக முடித்துக் கொடு. ஜூனில் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதுகிறேன். முடியாவிட்டால் எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் இருக்காது" என்றார். கடற்புல் புல் அல்ல என்று நான் அவருக்கும் சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான் என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கொறங்காட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் புரியாது. கொறங்காடு என்பது மாடு மேய்வதற்கென்றே விட்டு வைத்த மேட்டு நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மழை என்பது எங்கள் பக்கம் விருந்தாளி மாதிரி, எப்போதாவது வரும், வந்தாலும் தங்காது. அந்த ஒரு மழைக்கு மறுபடி பச்சை பிடிக்க வேண்டுமானால் தூர் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் புல்லை வேரோடு பிடுங்கக் கூடாது. நான்கு விரல் விட்டு அரிவாளால் அறுக்கத்தான் வேண்டும். குடியானவர் வீடுகளில் மட்டும் இல்லை, புல் அறுக்க வரும் பெண்கள் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள், அவர்களும் இந்த ஒழுங்கை மீற மாட்டார்கள். ஆறு வயதில் நான் விளையாட்டாக ஒரு தூரைப் பிடுங்கிவிட்டு அய்யனிடம், அதாவது அப்பாவிடம், ஓர் அறை வாங்கினேன். அய்யன் எனக்குக் கொடுத்த ஒரே அறை அதுதான். கன்னத்தில் அந்த இடத்தை இப்போது கேட்டாலும் காட்டுவேன்.

ஆகவே மண்டபத்துக்கு ரயில் ஏறியபோது என் டிரங்குப் பெட்டியில் காகிதக் கட்டு, அழுத்துகிற மரச்சட்டம், நூல், பதிவேடு, இவற்றோடு வெள்ளகோவில் சந்தையில் வாங்கிய கதிர் அரிவாள் ஒன்றும் இருந்தது.

கரையில் எனக்கு வாய்த்தவர் ஒரு சங்கு குளிப்பவர். சங்குக் காலம் இல்லாத மாதங்களில் தோணி விடுவார். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒரு சாண் உயரம். நீந்தத் தெரியுமா என்று கேட்டார். எங்கள் ஊர்க் கிணற்றில் எந்தப் பயமும் இல்லாமல் மேட்டிலிருந்து குதித்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கிணற்றுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு, இளைத்தால் படிக்கல்லைப் பிடித்துக்கொள்ளலாம். கடலில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்பது குதித்த பிறகுதான் தெரிந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தோணிக்குள் போட்டார். அதன் பிறகு கழுத்தளவுக்கு மேல் ஆழம் என்றால் அவர் இறங்குவது, அதற்குள் என்றால் நான் இறங்குவது என்று பேசிக்கொள்ளாமலே ஏற்பாடாகிவிட்டது.

ஆழத்தை அளக்கக் கயிறு கொண்டு போக மறந்திருந்தேன். அதனால் என் உடம்பையே அளவுகோல் ஆக்கிக்கொண்டேன். முழங்கால், இடுப்பு, கழுத்து, ஓர் ஆள், இரண்டு ஆள் என்று பதிவேட்டில் எழுதினேன். கிணற்றுக்கு அப்படித்தான் கணக்கு சொல்வது வழக்கம். முதல் பக்கத்தில் 'ஆள் என்பது நான், ஐந்தடி மூன்று அங்குலம்' என்று விஞ்ஞான முறைப்படி குறிப்பும் எழுதினேன்.

முதல் நாளே அவர் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய் ஒரு கை நிறையச் செடியை வேரும் மண்ணுமாக அள்ளிக்கொண்டு வந்து தோணியில் போட்டார். எனக்குப் பகீர் என்றது.

"வேரோட புடுங்கப்படாதுங்க" என்றேன்.

"வேரு இல்லாட்டி என்ன புல்லுன்னு எப்பிடிங்கய்யா தெரியும்? மேல பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தை அன்றைக்கே பதிவேட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நானோ அவருக்குப் புத்தி சொல்லத் தொடங்கினேன். தோணியின் விளிம்பைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டும், இடையிடையே கொறங்காட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டும் அந்தக் காலைப்பொழுது போனது. வேலி அடைப்பது எப்படி, காட்டில் ஒரு பகுதியில் மாட்டை விட்டால் மறு பகுதியை எப்படி ஆற விடுவது, தூர் இருந்தால் ஒரே மழைக்கு எப்படிக் காடு தழையும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஒரு மழைக்கே வந்துருமா?" என்று கேட்டார்.

"பத்தே நாள்ல மாடு எறக்கலாமுங்க. ஆனா வேரைப் புடுங்கிப்போட்டா மண்ணுதானுங்க மிஞ்சும்."

அவர் கொஞ்ச நேரம் துடுப்பைப் போடாமல் தண்ணீரையே பார்த்தார். "ஆவுளியா வேரோடதான் திங்கும்" என்றார். ஆவுளியா என்று அவர்கள் சொல்வது கடற்பசுவை. அது மேய்ந்து போன இடத்தில் கடலுக்கடியில் ஒற்றையடிப் பாதைபோல் கோடு தெரியும், கொஞ்ச நாளில் அது தானாக மூடிக்கொள்ளும் என்றார். கடற்பசுவைவிடக் கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு மேய்ச்சல் தெரியும் என்கிற தோரணையில், "அதுக்கு யாருங்க சொல்லிக் குடுக்கிறது" என்றேன்.

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. நான் அங்கே தங்கிய மூன்று வாரமும் கத்தியோடு மூழ்கி, நான்கு விரல் விட்டு அறுத்தே கொண்டுவந்தார். நான் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, அரிவாளால் கடலை அறுத்தேன். கரையில் நின்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு விஞ்ஞானம் புதிது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு பெயர் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பெயர்கள் எனக்கு எதற்கு, லத்தீன் பெயர் வரப்போகிறதே என்று இருந்துவிட்டேன். எல்லாமாக ஏழு வகை என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டேன். என் கணக்கில் பதினொன்று வந்திருந்தது.

உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் கடற்கரையில் வெளியூர்க்காரன் எதை உலர்த்தினாலும் போலீஸ்காரருக்கு அது உப்பாகத்தான் தெரியும். என் காகிதங்களில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த ஒரு கான்ஸ்டபிள், என்னை அரைநாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார். "புல்லுக்காகவா கோயமுத்தூர்லேர்ந்து வந்தே?" என்று ஐந்து முறை கேட்டார். புல் இல்லைங்க என்று ஐந்து முறையும் திருத்தினேன். திருத்தாமல் இருந்திருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார். சேகரத்தில் ஒரு தாள் குறையவில்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

முந்நூறு தாள்களோடு ஊர் திரும்பினேன். நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, ஒட்டி, நாடா போன்ற இலைகள் ஓர் அலமாரி, ஊசி போல் உருண்ட இலைகள் ஒன்று, நூல் போன்றவை ஒன்று என்று அடுக்கினேன். சின்னச் சின்ன நீள்வட்ட இலைகள் ஜோடி ஜோடியாக மணலிலிருந்து எழும்பும் வகை ஒன்று உண்டு. மணலுக்குள் ஓடும் தண்டுதான் அந்த ஜோடிகளைச் சேர்த்து வைத்திருப்பது. தண்டை நான் கடலிலேயே விட்டுவிட்டதால் இலைகள் தனித்தனியாக உதிர்ந்து கிடந்தன. அவற்றை ஓர் உறையில் போட்டு, 'உதிரும் இயல்புடையது' என்று மேலே எழுதினேன். ஒவ்வொரு தாளிலும் அடிப்பக்கம் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது. இவ்வளவு சுத்தமான சேகரம் அந்தக் கட்டிடத்தில் இல்லை என்று நான் சொன்னால் அது பொய் இல்லை.

பேராசிரியர் பத்துத் தாள்களைப் புரட்டினார். பிறகு நடுவிலிருந்து பத்து. பிறகு கடைசிப் பத்து.

"வேர் எங்கே?"

"அங்கதானுங்க சார் இருக்குது."

"எங்கே?"

"கடல்லீங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்டில் வளையம் வளையமாகத் தழும்பு இருந்தால் ஓர் இனம், அடியில் கறுப்பு முடி இருந்தால் வேறு இனம், வேர் கிளைத்தால் ஒன்று, கிளைக்காவிட்டால் இன்னொன்று, மேலே நாடா நாடாவாக இருப்பதெல்லாம் இளசா முற்றலா என்பதைப் பொறுத்து நீளமும் குட்டையுமாக இருக்கும் என்று நிதானமாகச் சொன்னார். நான் பதினொன்று என்று பிரித்தது ஏறக்குறைய வயதுக் கணக்கு. ஒரே இனத்தின் குழந்தையும் கிழமும் வெவ்வேறு அலமாரியில் இருந்தன, வெவ்வேறு இனங்கள் இரண்டு ஒரே அலமாரியில் குடித்தனம் செய்துகொண்டிருந்தன.

"வேரைப் புடுங்கினா மறுபடி தழையாதுங்க சார்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தெரிந்தது.

"உன்னை நான் மாடு மேய்க்கவா அனுப்பினேன்?" என்றார், குரலை உயர்த்தாமல். நிபுணர் வர இனி மூன்று வாரம் இருக்கிறது என்றார். ஜூனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், தலையாட்டியதையும் சேர்த்து. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப இந்த ஊட்டுல நிரந்தரமா இருக்கிறது நான் ஒருத்திதானுங்களா?"

ஜூனில் வேலை போனால் வெள்ளகோவில் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறிப் போய், அந்தப் பெரியவர் முகத்தில் விழிக்க வேண்டும். அவமானம் எனக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன், பொய்க்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று அவளையல்லவா ஊர் பார்க்கும். அதை நினைத்தபோதுதான் உண்மையாகவே பயம் வந்தது.

"போயி வேரோட புடுங்கிட்டு வாங்க" என்றாள்.

"நம்ம வழக்கத்துல அது..."

"அது புல்லே இல்லீன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. புல்லே இல்லாததைப் புடுங்குனா என்னங்க பாவம்?"

எட்டு மாதம் நான் பிரசங்கம் செய்ததில் ஒரே ஒருவர் காதில் அது ஏறியிருந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை ரயிலைப் பிடித்தேன். அரிவாளை அவளே பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

சங்கு குளிப்பவர் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். தோணியைத் தள்ளினார். நடுவழியில் விஷயத்தைச் சொன்னேன்.

துடுப்பு நின்றது.

"வேரோடயா?"

"ஆமாங்க. வேரோடதான் வேணுமுங்க."

"நீங்கதானய்யா புடுங்கக்கூடாதுன்னு சொன்னீக."

"சொன்னேனுங்க. தெரியாமச் சொல்லிப்போட்டேனுங்க."

"நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னீக" என்றார். என்னை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் போன பிறகு யோசித்துப் பார்த்தாராம். அவருடைய சின்ன வயதில் கரைக்குப் பக்கத்திலேயே புல் அடர்ந்து கிடக்குமாம், அதற்குள் குஞ்சு மீனும் இறாலும் கிடக்குமாம். மீன் கூடைக்கு அடியில் போடவும் தென்னைக்கு உரத்துக்கும் என்று ஆளாளுக்குப் பிடுங்கிப் பிடுங்கி அந்த இடம் வெறும் மணலாகிவிட்டதாம். "இம்புட்டு நாளா ஏன்னு தெரியாமக் கெடந்தேன். நீங்க உங்க மாட்டுக் காட்டப் பத்திச் சொன்னப்பறம்தான் புரிஞ்சுச்சு. இப்ப நான் புடுங்குறதில்ல. எங்காளுக எல்லாம் என்னயப் பாத்துச் சிரிக்காக. சிரிக்கட்டும்."

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றை ஒரு மனிதர் கேட்டு, நம்பி, அதன்படி நடந்தது அதுவே முதல் தடவை. அதை மாற்றத்தான் நான் இருநூறு மைல் தாண்டி வந்திருந்தேன்.

வாதாடினேன். விஞ்ஞானம் என்றேன். சென்னையிலிருந்து வருகிற பெரிய மனிதர் என்றேன். கடற்பசு வேரோடு தின்கிறது என்று நீங்களே சொன்னீர்களே என்றேன். "அதுக்கு யாரு சொல்லிக் குடுக்கிறதுன்னு நீங்கதான கேட்டீக" என்றார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான். கடைசியில் வேறு வழி இல்லாமல், பெண் பார்க்கப் போனதையும் ஒப்பிட்டையும் தலையாட்டலையும் அவரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வீட்ல அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். அவள் கேட்ட நிரந்தரக் கேள்வியைச் சொன்னேன்.

துடுப்பை மறுபடி எடுத்தார். "சரி. வகைக்கு ஒண்ணு. ஏழே ஏழு. நான் எடம் காட்டுறேன், ஆழத்துக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டும் போறேன். புடுங்குறது நீங்க. எங்கையால வேணாம்" என்றார்.

இரண்டு நாளில் ஆறு பிடுங்கினேன். மூன்று முறை மூச்சு முட்டி, இரண்டு முறை வெறும் மண்ணோடு மேலே வந்து, ஒருமுறை அவருடைய கால் விரலைப் புல் என்று பிடித்து இழுத்து. ஒவ்வொரு முறையும் நான் தோணியில் ஏறிய பிறகும் அவர் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். ஒவ்வொரு தடவையும் கை வேரில் பட்டதும் கன்னத்தில் அந்த ஆறு வயது இடம் சுரீர் என்றது. இருபது வருஷம் கழித்து, எண்ணெய் தேய்த்த தலையோடு, கடலுக்கடியில், அய்யன் பார்த்துவிடுவாரோ என்று பயந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேலை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் நிபுணர் வந்தார். வேரோடு இருந்த ஏழு தாள்களையும் மேசைமேல் பரப்பி, அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, என் மொட்டைத் தாள்கள் முந்நூறையும் இரண்டு நாளில் ஏழு அடுக்காக்கிவிட்டார். பதினொன்று ஏழாயிற்று. வகைக்கு ஒரு வேரே போதுமானதாக இருந்தது. பதிவேட்டைப் புரட்டி, இடமும் மண்ணும் ஆழமும் ஒழுங்காக இருக்கின்றன என்றவர், "இந்த 'ஆள்' எவ்வளவு?" என்று கேட்டார். பேராசிரியர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ஜூனில் நிரந்தரமாக்கினார்கள். என் மனைவி ஒப்பிட்டு செய்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "இப்பக் கேக்கறேனுங்க, நிரந்தரமுங்களா?" என்றாள். வாயில் எதையும் போடாமல் ஆமாம் என்று சொன்னேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஜூன் அல்ல, அந்த ஏழாவது செடி. நாடாவைப்போல் நீண்ட இலை, அடியில் குதிரைமுடி மாதிரி கறுப்பு நார். என் கழுத்தளவுத் தண்ணீரில், சேற்றில் வளர்ந்திருந்தது. அவருக்கு அது மார்பளவு. மற்றவை போல் அது இழுத்ததும் வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, விரலால் சேற்றைத் தோண்டி, இரண்டு காலையும் ஊன்றி இழுத்தேன். வந்தபோது ஒரு பெரிய கட்டி மண்ணோடு பெயர்ந்து வந்தது. தண்ணீர் கலங்கிக் கறுப்பாகிவிட்டது. நான் செடியை மார்போடு அணைத்துக்கொண்டு தோணியில் ஏறி விழுந்தேன். வேரை எண்ணிப் பார்த்தேன். வேலை நிலைத்தது என்று நினைத்தேன், என் மனைவி முகத்தை நினைத்தேன், சத்தம் போட்டுச் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அவர் ஏறவில்லை. கலங்கிய இடத்திலேயே நின்றார். பிறகு மூழ்கினார். எனக்காக இன்னொன்று பிடுங்கத்தான் போகிறார், மனம் இளகிவிட்டது என்று சந்தோஷமாகக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து மேலே வந்தார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. முழங்கைவரை சேறு.

"குழி கெடந்துச்சு. மண்ணத் தள்ளி மூடிட்டு வந்தேன்" என்றார். "இல்லாட்டி பக்கத்துல உள்ளதும் அரிச்சுப் போயிரும்ல."

அதற்கு முந்தைய ஆறு இடங்களிலும் நான் தோணியில் ஏறிய பிறகு அவர் ஏன் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் தங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொறங்காட்டைப் பற்றி அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிரசங்கம் செய்தவன் நான். குழியை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், மடியில் இருந்த வேரில் ஒட்டிய சேற்றைக் கையால் வழித்துத் தண்ணீரிலேயே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.